இதயத்தை அளக்கும் இயந்திரம் யாருடைய இதயத்தில் கற்றது?

பாரிஸ் நகரின் வடபகுதியில், லாச்சப்பல் மெற்ரோ நிலையத்தைத் தாங்கி நிற்கும் இரும்புப் பாலத்தின் கீழிருந்து ஃபோபூர் சன் தெனி வீதி தெற்கு நோக்கிச் செல்கிறது. மளிகைக் கடைகள், நகைக் கடைகள், புடவைக் கடைகள், உணவகங்கள் என்று அதன் இருபுறமும் தமிழ்ப் பெயர்ப்பலகைகள். 1983 ஜூலை வன்செயல்களுக்குப் பின்னர் இலங்கையிலிருந்து பெருமளவில் வந்துசேர்ந்த தமிழர்களே இந்தக் கடைத்தெருவை உருவாக்கினார்கள். அவர்களுக்கு முன்பே பிரெஞ்சுக் குடியுரிமையுடன் வந்திருந்த புதுச்சேரித் தமிழர்களும் இங்கு வாடிக்கையாளர்கள்.

இந்தக் கடைத்தெருவிலிருந்து சில நிமிட நடைத்தூரத்தில், கார் து நோர் ரயில் நிலையத்தின் மறுபக்கத்தில், லாரிபுவாசியேர் மருத்துவமனை இருக்கிறது. 1832ஆம் ஆண்டின் காலரா கொள்ளைநோய்க்குப் பின்னர் திட்டமிடப்பட்டு, 1854இல் திறக்கப்பட்ட பழைய பொது மருத்துவமனை இது. தன் செல்வத்தைப் பாரிஸ் நகருக்கு எழுதிவைத்த ஒரு சீமாட்டியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இந்த மருத்துவமனையின் இதயநோய்ப் பிரிவு, இதயத்தின் எம்.ஆர்.ஐ. படங்களைக் கணினியின் துணையுடன் ஆராய்வதில் இன்று பிரான்ஸில் கவனிக்கப்படும் இடங்களில் ஒன்று. இதயநோய் நிபுணர் தியோ பெஸல் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இங்கு மிராக்கிள் என்ற பெயரில், செயற்கை நுண்ணறிவுக்கும் இதயப் படமாக்கலுக்குமான ஆய்வுக்கூடம் ஒன்றை நடத்துகிறார்கள்.

லாச்சப்பலில் காய்கறி வாங்க வருபவருக்கும் இந்த ஆய்வுக்கும் தொடர்பு உண்டு. தெற்காசியர்களுக்கு மாரடைப்பு மற்றவர்களைவிட இளவயதிலேயே வருகிறது என்பது பல ஆண்டுகளாகத் தெரிந்த விடயம். 52 நாடுகளில் நடத்தப்பட்ட இன்டர்ஹார்ட் ஆய்வின் தரவுகளைக் கொண்டு 2007இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, தெற்காசிய நாடுகளில் முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53 என்றும், ஏனைய நாடுகளில் அது 58.8 என்றும் கணக்கிட்டது. ஆகவே இதய ஸ்கேனுக்காகப் படுப்பவர்களில் தமிழர்களும் இருப்பார்கள். அவர்களுடைய இதயத்தை அளக்கப்போகும் இயந்திரம் யாருடைய இதயங்களைப் பார்த்து அளக்கக் கற்றது என்ற கேள்விக்கு பிரான்ஸில் விடை தேடுவது எளிதல்ல. அதற்கான காரணம் மருத்துவத்தைவிட அரசியலில்தான் கூடுதலாக இருக்கிறது.

ஒரு சதவீதக் கணக்கு

காந்தப் புலத்தையும் வானொலி அலைகளையும் கொண்டு உடலின் உட்புறத்தைப் படமாக்கும் முறையே எம்.ஆர்.ஐ. இதற்கு அடித்தளமிட்ட பால் லாட்டர்பர், பீட்டர் மான்ஸ்ஃபீல்ட் ஆகிய இருவருக்கும் 2003இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. எக்ஸ்-கதிர் இதில் கிடையாது. ஆனால் இதயம் ஓய்வில்லாமல் அசையும் உறுப்பு என்பதால், அதைப் படம் பிடிப்பது மூளையையோ முழங்காலையோ படம் பிடிப்பதைவிடக் கடினம். நோயாளியின் நெஞ்சில் மின்முனைகள் ஒட்டப்பட்டு, துடிப்போடு ஒத்திசைய, ரொட்டியைத் துண்டு போடுவது போல இதயம் அடியிலிருந்து நுனிவரை பல வெட்டுமுகங்களாகப் படமாக்கப்படுகிறது. ஒவ்வொரு வெட்டுமுகமும் ஒரு துடிப்பின் முழு அசைவையும் காட்டும் சிறு திரைப்படம்.

இந்தப் படங்களிலிருந்து மருத்துவர் முதலில் தேடுவது, இரத்தத்தை உடலெங்கும் அனுப்பும் இடது கீழறையின் கொள்ளளவைத்தான். இதயம் முழுமையாக விரிந்திருக்கும்போது அந்த அறையில் 150 மில்லிலிட்டர் இரத்தமும், சுருங்கி முடித்தபோது 60 மில்லிலிட்டரும் இருந்தால், 90 மில்லிலிட்டர் வெளியேறியிருக்கிறது. அதாவது 60 சதவீதம். இரத்த வெளியேற்ற விகிதம் என்று அழைக்கப்படும் இந்த எண்ணை வைத்துப் பல சிகிச்சை முடிவுகள் எடுக்கப்படுகின்றன. உதாரணமாக, இதயச் செயலிழப்பு உள்ள ஒருவருக்குத் திடீர் மரணத்தைத் தடுக்கும் மின்னதிர்ச்சிக் கருவியை நெஞ்சுக்குள் பொருத்துவதா என்ற கேள்வியில் 35 சதவீதம் என்பது ஒரு எல்லை. நோயாளியின் அறிகுறிகளும், மருந்துகள் பலனளித்தனவா என்பதும் சேர்த்தே பார்க்கப்படும் என்றாலும், எல்லைக்கோட்டருகே நிற்பவருக்கு இரண்டு மூன்று சதவீத வித்தியாசம் சிறிய விடயமல்ல.

அந்த எண்ணைப் பெற, ஒவ்வொரு வெட்டுமுகத்திலும் அறையின் உட்சுவரைச் சுற்றி ஒரு கோடும், தசையின் வெளிச்சுவரைச் சுற்றி இன்னொரு கோடும் வரைய வேண்டும். பல ஆண்டுகளாக மருத்துவர்களும் தொழில்நுட்பவியலாளர்களும் கணினித் திரையில் சுட்டியைப் பிடித்து இதைக் கையால் வரைந்து வந்தார்கள். பொறுமையைச் சோதிக்கும் வேலை இது. ஒரே படத்தை இரண்டு நிபுணர்கள் வரைந்தால் இரண்டு விடைகள் வரும். ஒரே நிபுணர் காலையிலும் மாலையிலும் வரைந்தாலும் விடை சற்று மாறும்.

திஜோன் நோயாளிகள், சென்னைப் பொறியியலாளர்கள்

இந்த வேலையைக் கணினியிடம் ஒப்படைக்கும் முயற்சி புதியதல்ல. முன்னைய முறைகளில், ஒளி எங்கே சட்டென்று மாறுகிறதோ அங்கே சுவர் இருக்கிறது என்பது போன்ற விதிகளைப் பொறியியலாளர்களே எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் கீழறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு தசைகளும், வால்வுகளுக்கு அருகே மேலறையும் கீழறையும் கலந்து தெரியும் வெட்டுமுகங்களும் அந்த விதிகளை ஏமாற்றின. வலது கீழறையின் சுவர் மெல்லியது, வடிவமும் ஒழுங்கற்றது. அதை அளப்பதற்கென்றே 2012இல், பிரான்ஸின் ரூவான் பல்கலைக்கழக மருத்துவமனையின் படங்களைக் கொண்டு ஒரு சர்வதேசப் போட்டி நடத்தப்பட்டது.

டீப் லேர்னிங் எனப்படும் ஆழ்கற்றல் முறை வேறு வழியில் செல்கிறது. இதில் விதிகளை யாரும் எழுதுவதில்லை. நிபுணர்கள் ஏற்கெனவே கோடு வரைந்த ஆயிரக்கணக்கான படங்கள் கணினிக்குக் காட்டப்படுகின்றன. படத்தின் ஒவ்வொரு புள்ளியும் இரத்தமா, தசையா, வேறெதுவுமா என்று அது ஊகிக்கிறது. ஊகம் நிபுணரின் கோட்டிலிருந்து விலகும் அளவுக்கு ஏற்ப, தனக்குள் இருக்கும் இலட்சக்கணக்கான எண்களைச் சற்றுச் சற்றாகத் திருத்திக்கொள்கிறது. ஜெர்மனியின் ஃபிரைபுர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட யூ-நெட் என்ற வலையமைப்பு, மருத்துவப் படங்களில் இந்த முறைக்கு ஏறக்குறைய அடிப்படை வடிவமாகவே ஆகிவிட்டது.

அதே 2015ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் காகிள் என்ற தரவுப் போட்டித் தளம், இதய எம்.ஆர்.ஐ. படங்களிலிருந்து கீழறைக் கொள்ளளவைக் கணிப்பவர்களுக்கு மொத்தம் இரண்டு இலட்சம் டாலர் பரிசு அறிவித்தது. முதல் பரிசைப் பெற்ற இருவரும் நிதிச் சந்தைக் கணிப்புகளில் ஈடுபட்டிருந்தவர்கள். மருத்துவம் படித்தவர்களல்ல. 2017 ஜனவரியில் ஆர்ட்டரிஸ் என்ற நிறுவனத்தின் இதய எம்.ஆர்.ஐ. மென்பொருளுக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் அனுமதி கிடைத்திருப்பதாக அறிவிக்கப்பட்டது. ஆழ்கற்றலை மருத்துவப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்த தொடக்க கால அனுமதிகளில் அதுவும் ஒன்று.

ஆயினும் தமிழ் வாசகர்களுக்கு அக்கறையூட்டக்கூடிய சம்பவம் அதே ஆண்டில், பிரான்ஸிலிருந்து வந்த படங்களைக் கொண்டு நடந்தது. பர்கண்டிப் பிராந்தியத்தின் திஜோன் பல்கலைக்கழக மருத்துவமனை 150 பேரின் இதய எம்.ஆர்.ஐ. படங்களை அடையாளம் நீக்கி ஆய்வுலகுக்கு வழங்கியது. இயல்பான இதயம், மாரடைப்பால் பாதிக்கப்பட்ட இதயம், விரிந்து பருத்த இதயம், தசை தடித்த இதயம், வலது கீழறை பாதிக்கப்பட்ட இதயம் என ஐந்து பிரிவுகள். பிரிவுக்கு 30 பேர். இவர்களில் 100 பேரின் படங்கள் கணினிக்குக் கற்பிக்கவும், 50 பேரின் படங்கள் பரீட்சைக்கும் ஒதுக்கப்பட்டன. லியோன், திஜோன், கனடாவின் ஷெர்ப்ரூக் ஆகிய இடங்களின் ஆய்வாளர்கள் இணைந்து நடத்திய இந்தப் போட்டியின் முடிவுகள் 2017இல் கியூபெக் நகரில் நடந்த மருத்துவப் படமாக்கல் மாநாட்டில் வெளியாகின.

கோடு வரைவதில் முதலிடம் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரிலுள்ள புற்றுநோய் ஆய்வு மையத்தின் ஃபேபியன் ஐசன்சே குழுவுக்கு. இரண்டாமிடம் சென்னை ஐ.ஐ.டி.யின் மகேந்திர கெனெட், வர்கீஸ் அலெக்ஸ், கணபதி கிருஷ்ணமூர்த்தி ஆகியோருக்கு. கோடுகளிலிருந்து நோயை இனங்காணும் பிரிவில் முதலிடம் சென்னைக் குழுவுக்கே கிடைத்தது. பின்னர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், பரீட்சைக்கு வைக்கப்பட்ட 50 பேரையும் தமது கணினி சரியாக வகைப்படுத்தியதாக அவர்கள் தெரிவித்தார்கள். ஆனால் பரீட்சைத் தொகுப்பு சிறியது.

நூற்றுக்கு நூறு என்ற செய்தியைவிட, போட்டியை நடத்தியவர்கள் 2018இல் எழுதிய மதிப்பீடு கவனமாகப் படிக்கத்தக்கது. சராசரிக் கணக்கில் சிறந்த கணினிகள் நிபுணர்களை நெருங்கிவிட்டன. ஆனால் இதயத்தின் அடிப்பகுதி, நுனிப்பகுதி வெட்டுமுகங்களில் அவை சில வேளைகளில் உடற்கூற்றின்படி இருக்கவே முடியாத வடிவங்களை வரைந்தன. மனித நிபுணர் தவறு செய்தாலும், அந்த மாதிரியான தவறைச் செய்வதில்லை.

பதின்மூன்று நிமிடம், நான்கு விநாடி

வேகத்தைப் பொறுத்தவரை இனி விவாதத்துக்கு இடமில்லை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் தலைமையில் 2019இல் வெளியான ஓர் ஆய்வில், ஐந்து மருத்துவ நிலையங்களில் 110 நோயாளிகள் இரண்டு முறை ஸ்கேன் செய்யப்பட்டார்கள். ஒரே இதயத்துக்கு இரண்டு முறையும் ஒரே விடை வருகிறதா என்பதே கேள்வி. நிபுணரும் இயந்திரமும் ஏறக்குறைய ஒரே அளவு துல்லியம் காட்டினார்கள். நிபுணருக்கு ஒரு நோயாளிக்குச் சராசரியாக 13 நிமிடம் தேவைப்பட்டது. இயந்திரத்துக்கு 0.07 நிமிடம், அதாவது சுமார் நான்கு விநாடி.

இந்த வேகம் இரண்டு இடங்களில் பயன்படுகிறது. ஒன்று, எம்.ஆர்.ஐ.க்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியுள்ள பிரான்ஸ் போன்ற நாடுகளில் மருத்துவரின் நேரம் மிச்சமாகிறது. மற்றொன்று, மனிதர்களால் ஒருபோதும் வரைந்து முடிக்க இயலாத பெருந்தொகுப்புகளை ஆராய முடிகிறது. பிரிட்டனின் யூ.கே. பயோபேங்க் திட்டம் ஒரு இலட்சம் தொண்டர்களின் உடலுறுப்புகளைப் படமாக்கும் பணியை 2025இல் நிறைவு செய்தது. அத்தனை இதயங்களைக் கையால் அளப்பது நினைத்தும் பார்க்க முடியாத காரியம்.

அளப்பதற்கு அடுத்த கட்டம் முன்கூட்டியே கணிப்பது. தியோ பெஸல் முதன்மை ஆசிரியராக இருந்து 2022இல் வெளியான ஆய்வு, 2008க்கும் 2018க்கும் இடையில், மருந்து செலுத்தி இதயத்தின் இரத்த ஓட்டத்தைச் சோதிக்கும் எம்.ஆர்.ஐ. செய்துகொண்ட 31,752 பேரை எடுத்துக்கொண்டது. சராசரியாக ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில் அவர்களில் 2,679 பேர் இறந்திருந்தார்கள். 23 மருத்துவத் தகவல்களையும் 11 எம்.ஆர்.ஐ. அளவுகளையும் சேர்த்துக் கணினி உருவாக்கிய மதிப்பெண், யார் இறக்கக்கூடும் என்பதை, வழக்கத்திலுள்ள மதிப்பெண் முறைகளைவிடச் சிறப்பாகக் கணித்தது. கறாராகச் சொன்னால் இது ஆழ்கற்றல் அல்ல. அதன் உறவுமுறையான இயந்திரக் கற்றல். ஆனால் இரண்டும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். ஒன்று அளந்து கொடுக்க, மற்றொன்று அந்த அளவை வைத்து ஆயுளைக் கணிக்கும் நிலையை நோக்கி மருத்துவம் செல்கிறது. முதல் கண்ணியில் பிழை இருந்தால் அது கடைசிக் கண்ணிவரை செல்லும்.

லண்டன் ஆய்வு

எம்.ஆர்.ஐ. படத்தில் தோலின் நிறம் தெரியாது. ஆகவே இனம், நிறம் என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை என்றுதான் பலரும் கருதியிருந்தார்கள். 2021இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியின் எஸ்தர் புயோல்-அன்டோன் தலைமையிலான குழு அதைச் சோதித்துப் பார்த்தது. யூ.கே. பயோபேங்க் தொகுப்பில் 5,903 பேரின் இதயப் படங்களை எடுத்து, அப்போது மிகச் சிறந்ததாகக் கருதப்பட்ட ஆழ்கற்றல் மென்பொருளுக்குக் கற்பித்து, விடைகளை ஆறு இனக்குழுக்களாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஆண், பெண் என்ற வேறுபாடு பெரிதாகத் தெரியவில்லை. இனக்குழுக்களிடையே வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. வெள்ளையரின் இதயங்களுக்கே இயந்திரம் மிகத் துல்லியமாகக் கோடு வரைந்தது. கற்பிக்கப் பயன்பட்ட தொகுப்பில் சுமார் 80 சதவீதத்தினர் வெள்ளையர்கள்.

நிறம் தெரியாத படத்தில் இயந்திரம் எதைப் பார்த்துத் தடுமாறுகிறது? அதே கல்லூரி ஆய்வாளர்கள் பின்னர் வெள்ளையர், கறுப்பினத்தவர் படங்களை ஒப்பிட்டு இதற்கு விடை தேடினார்கள். இயந்திரத்தின் கவனம் இதயத்தில் மட்டும் இல்லை, இதயத்துக்கு வெளியே தோலுக்கடியில் உள்ள கொழுப்புப் படலத்திலும், படத்தில் ஏற்படும் கறைகளிலும் இருந்தது என்பது அவர்கள் கண்டது. படத்தை இதயத்தை ஒட்டி நெருக்கமாக வெட்டிக் கொடுத்தபோது வேறுபாடு குறைந்தது. அளவுகோல் இதயமாக இருந்தாலும், இயந்திரம் கற்றது முழு உடம்பையும்தான்.

தெற்காசியர்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மேற்கு லண்டனில் நடந்த லோலிபொப் ஆய்வு, ஐரோப்பிய வெள்ளையர்களும் இந்திய வம்சாவளியினருமாகச் சுமார் ஆயிரம் பேரின் இதயத்தை முப்பரிமாண எக்கோ முறையில் அளந்தது. உடல் பருமனுக்கேற்பச் சரிசெய்த பின்னரும் இந்திய வம்சாவளியினரின் இடது கீழறை சிறியதாகவே இருந்தது. இந்த நிலையில், யூ.கே. பயோபேங்க் தொகுப்பிலிருந்து 2017இல் வெளியிடப்பட்டு உலகெங்கும் மேற்கோள் காட்டப்படும் இயல்பளவு அட்டவணை வெள்ளையர்களை மட்டும் கொண்டு தயாரிக்கப்பட்டது. அதன் தலைப்பிலேயே அது நேர்மையாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறது. ஆனால் ஒரு மென்பொருளுக்குள் அட்டவணை நுழைந்த பின் தலைப்பை யார் பார்க்கப்போகிறார்கள்? இயல்பில் சிறியதான ஓர் இதயம் நோயால் விரியத் தொடங்கும்போது, ஐரோப்பிய அட்டவணையின்படி அது இன்னும் இயல்பாகவே தோன்றக்கூடும்.

சிறிய இதயத்தில் சிறிய பிழையும் பெரிதாகும். 150 மில்லிலிட்டர் கொள்ளளவுள்ள அறையில், சுருங்கிய நிலையின் அளவு 3 மில்லிலிட்டர் பிசகினால் வெளியேற்ற விகிதம் 2 சதவீதப் புள்ளிகள் மாறும். 100 மில்லிலிட்டர் அறையில் அதே பிசகு 3 புள்ளிகளாகும். 35 சதவீத எல்லைக்கோட்டை நினைவில் வைத்துப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும்.

தெற்காசியர் என்ற ஒரே பெட்டிக்குள் பஞ்சாபியரையும் வங்காளியரையும் யாழ்ப்பாணத்தவரையும் அடைப்பது எவ்வளவு சரி என்ற கேள்வி வேறு இருக்கிறது. லண்டன் ஆய்வுகளில் தமிழர்களுக்கெனத் தனிக் கணக்கு இல்லை. இருந்தாலும் லண்டனில் அந்தப் பெட்டியாவது இருக்கிறது.

பட்டியல்கள் குறித்த அச்சம்

பிரான்ஸில் அது இல்லை. 1978ஆம் ஆண்டின் தகவல் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் இன அல்லது இனக்குழுப் பூர்வீகத்தை வெளிப்படுத்தும் தகவல்களைத் திரட்டுவதைப் பொதுவிதியாகத் தடை செய்கிறது. 2007 நவம்பர் 15ஆம் தேதி பிரான்ஸின் அரசியலமைப்புச் சபை, ஆய்வுகளில் இனப் புள்ளிவிவரம் திரட்ட வழிசெய்யும் சட்டப் பிரிவை இரத்துச் செய்தது. குடிமக்களுக்கிடையே பூர்வீகம், இனம், மதம் என்ற பேதம் பார்க்கக் கூடாது என்ற குடியரசுக் கோட்பாடு அந்தத் தீர்ப்பின் பின்னணி. மருத்துவ ஆராய்ச்சியில் அறிவியல் காரணம் காட்டினால் விதிவிலக்கு பெற முடியும். ஆனால் பிரிட்டனைப் போல மருத்துவமனைப் படிவத்தில் கட்டம் போட்டுக் கேட்கும் வழக்கம் இங்கு இல்லை.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது பிடிவாதமாகத் தோன்றலாம். ஆனால் இதன் வேர்கள் ஆழமானவை. 1940 அக்டோபரில், ஜெர்மன் ஆக்கிரமிப்பின் கீழ், பாரிஸ் பொலிஸ் தலைமையகம் யூதர்களைப் பதிவு செய்து அட்டைக் கோப்பு ஒன்றைத் தயாரித்தது. 1942 ஜூலையில் ஆயிரக்கணக்கான யூதர்களை வீடு வீடாகச் சென்று கைது செய்தபோது பயன்பட்டது அந்தக் கோப்புதான். பட்டியல்கள் எதற்கெல்லாம் பயன்படக்கூடும் என்பதை லாச்சப்பல் கடைத்தெருவில் உள்ளவர்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1983இல் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்தவர்கள் கைகளில் வாக்காளர் பட்டியல்கள் இருந்ததாகப் பல சாட்சியங்கள் உண்டு.

எனினும் எண்ணாமல் விடுவதற்கும் ஒரு விலை இருக்கிறது. கிங்ஸ் கல்லூரி ஆய்வு பாரபட்சத்தைக் குறைக்க மூன்று வழிகளைச் சோதித்துப் பார்த்தது. கற்பிக்கும்போது எல்லா இனக்குழுக்களும் சமமாக இடம்பெறச் செய்வது அவற்றில் ஒன்று; ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனியாக இயந்திரத்தைப் பயிற்றுவிப்பது மற்றொன்று. மூன்று வழிகளுக்குமே யார் எந்தக் குழுவைச் சேர்ந்தவர் என்ற தகவல் வேண்டும். அந்தத் தகவல் இல்லாத ஒரு நாட்டில் பாரபட்சத்தைத் திருத்துவது ஒருபுறம் இருக்க, அது இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதே கடினம். திஜோனின் 150 பேரில் பிரான்ஸுக்கு வெளியே பூர்வீகம் கொண்டவர்கள் எத்தனை பேர் என்பது தொகுப்பிலிருந்து தெரியாது. அந்தத் தொகுப்பு இன்றும் உலகெங்கும் மாணவர்கள் கைபழகும் பாடப்புத்தகமாக இருக்கிறது.

பிறந்த நாடு, குடியுரிமை ஆகியவற்றைக் கேட்க பிரெஞ்சுச் சட்டம் இடம் தருகிறது. 2008-2009இலும் 2019-2020இலும் அரச புள்ளிவிவர நிறுவனங்கள் நடத்திய, குடியேறியவர்களின் வாழ்க்கைப் பாதைகளும் பூர்வீகமும் குறித்த பெரிய கணக்கெடுப்புகள் இந்த வழியில்தான் நடந்தன. பருத்தித்துறையில் பிறந்தவரை இந்த முறை இனங்காட்டும். ஒருவர் பிறந்த நாட்டை மட்டும் கேட்டால், லாரிபுவாசியேரிலேயே பிறந்த அவருடைய மகளைக் காட்டாது. ரெயூனியன் தீவில் பிறந்த தமிழ் வம்சாவளியினரையும் காட்டாது, ஏனென்றால் அது பிரான்ஸ்.

மூச்சைப் பிடிக்கும் கட்டளை

இனத்தைக் கேட்காமலேயே சரிசெய்யக்கூடிய விடயங்களும் இருக்கின்றன. இதய எம்.ஆர்.ஐ.யின்போது நோயாளி ஒவ்வொரு படத்துக்கும் பத்துப் பதினைந்து விநாடிகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டும். அவர் தனியாக அந்தக் குழாய்க்குள் படுத்திருக்க, காதில் மாட்டிய கருவி வழியே கட்டளை பிரெஞ்சு மொழியில் வரும். மூச்சை உள்ளே இழுங்கள், வெளியே விடுங்கள், பிடித்துக்கொள்ளுங்கள். இயந்திரத்தின் இரைச்சலுக்கிடையே அந்த மொழி விளங்காதவர் ஒரு விநாடி தாமதித்தாலும், தவறான நேரத்தில் மூச்சு விட்டாலும், படம் மங்கும். அடுத்த வெட்டுமுகத்தில் இதயம் சற்று இடம் மாறியிருக்கும்.

மங்கிய படங்களில் ஆழ்கற்றல் தடுமாறுவது நன்கு அறியப்பட்டதே. 2022இல், தொண்டர்களை வேண்டுமென்றே மூச்சுக் கட்டளையை மீறச் சொல்லி எடுத்த படங்களைக் கொண்டு ஒரு சர்வதேசப் போட்டியே நடத்தப்பட்டது. அதற்கு முன்னர் 2020இல் பார்சிலோனா ஆய்வாளர்கள் தலைமையில் நடந்த இன்னொரு போட்டி, ஸ்பெயின், ஜெர்மனி, கனடா ஆகிய மூன்று நாடுகளில் நான்கு நிறுவனங்களின் கருவிகளில் எடுத்த படங்களைக் கலந்து கொடுத்தது. ஒரு நிறுவனத்தின் கருவியில் கற்ற இயந்திரம் இன்னொரு நிறுவனத்தின் கருவிக்குப் போகும்போது தரம் குறைவது அதில் உறுதியானது. கருவி மாறினாலே இப்படியென்றால், மொழி விளங்காத நோயாளியின் கலைந்த மூச்சு என்ன செய்யும் என்று ஊகிக்கலாம். முன்கூட்டியே பதிவு செய்த குரலில் கட்டளை கொடுக்கும் வசதி இத்தகைய கருவிகளில் உண்டு. தமிழில் மூன்று வாக்கியங்களைப் பதிவு செய்ய ஆகும் செலவு, ஆழ்கற்றல் ஆய்வுகளுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட ஒன்றுமே இல்லை. மூச்சைப் பிடிக்கத் தேவையில்லாத, வேகமாகப் படமெடுக்கும் முறைகளும் இப்போது ஆழ்கற்றலின் துணையுடனேயே வளர்ந்து வருகின்றன.

நோயாளிக்குச் சட்டம் கொடுத்திருக்கும் உரிமை ஒன்றும் இங்கு பரவலாக அறியப்படவில்லை. 2021 ஆகஸ்ட் 2ஆம் தேதியின் பிரெஞ்சு உயிரியல் அறநெறிச் சட்டத்தின்படி, பெருந்தரவுகளிலிருந்து கற்ற மென்பொருள் அடங்கிய மருத்துவக் கருவியைப் பயன்படுத்தும் மருத்துவர், அதைப் பயன்படுத்தியதையும் அதிலிருந்து பெறப்பட்ட விளக்கத்தையும் நோயாளிக்குத் தெரிவிக்க வேண்டும். ஆகவே ஸ்கேன் அறிக்கையைக் கையில் வாங்கும் ஒருவர் சில கேள்விகளைக் கேட்கலாம். இந்தக் கோடுகளை வரைந்தது இயந்திரமா? அவற்றை மருத்துவர் பார்த்துத் திருத்தினாரா? இயல்பு என்று எழுதியிருப்பது எந்த அட்டவணைப்படி? கேள்வியைத் தமிழில் கேட்க ஆள் இருக்கிறதா என்பது தனிப் பிரச்சினை. லாச்சப்பலில் பல குடும்பங்களில் அந்த மொழிபெயர்ப்பாளர் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைதான்.

ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் நிறைவேற்றிய செயற்கை நுண்ணறிவுச் சட்டம் இந்த விவாதத்தில் புதிய கதவொன்றைத் திறந்திருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்ட் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்து, படிப்படியாக அமலாகும் இந்தச் சட்டம், நோய் கண்டறியும் மென்பொருட்களைப் பெரும்பாலும் உயர் ஆபத்துப் பிரிவில் வைக்கிறது. அவற்றுக்குக் கற்பிக்கும் தரவுகள், பயன்படுத்தப்படவுள்ள மக்களைப் பிரதிபலிக்க வேண்டும் என்றும், பாரபட்சம் இருக்கிறதா என்று சோதிக்கப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. அந்தச் சோதனைக்கு வேறு வழியே இல்லாதபோது, இனப் பூர்வீகம் போன்ற, பொதுவாகத் தடைசெய்யப்பட்ட தகவல்களையும் கையாள அதன் பத்தாவது பிரிவு அனுமதிக்கிறது. பாரபட்சம் திருத்தப்பட்டதும் அந்தத் தகவல் அழிக்கப்பட்டுவிட வேண்டும் என்பது அந்தப் பிரிவிலேயே எழுதப்பட்டிருக்கும் நிபந்தனை.